காலடிப்பேட்டையில் பதினோரு வருடம்: கூழ் அண்டா, வசூல் நோட்டு, புகார் எண் 1913

2014-ல் கல்யாணமாகி வேலூரிலிருந்து காலடிப்பேட்டைக்கு வந்தேன். "வடசென்னையிலா வீடு?" என்று முகம் சுளித்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. பதினோரு வருடத்துக்கு மேலாக இங்குள்ள தண்ணீர், தெருவிளக்கு, பஸ், மெட்ரோ, சுகாதார நிலையம், திருவிழா எல்லாவற்றையும் அன்றாடம் பயன்படுத்துகிறேன். புதிதாக இந்தப் பக்கம் குடிவருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வந்த புதிதில் எல்லாமே அடிபம்புதான். விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் பம்பு கொஞ்சம் லேசாக அடிக்கும். ஆறு மணிக்குப் போனால் தோள்பட்டை கழன்றுவிடும். பம்பின் மூக்கில் வெள்ளைத் துணி கட்டி வைத்திருப்போம். வாரக் கடைசியில் அதை அவிழ்த்துப் பார்த்தால் துணி டீ வடிகட்டி நிறத்தில் இருக்கும். 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டபோது நகரமே தவித்தது. 2010 முதல் காட்டுப்பள்ளியில் ஓடும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் தண்ணீர் இந்தப் பக்கம் வருவதால் நாங்கள் ஓரளவு தப்பினோம். ஆனாலும் அந்த ஜூன் மாதம் முழுக்க லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தது நிஜம்.

அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவர் எங்கள் தெரு மீன்கார அக்கா. அதிகாலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து விற்றுவிட்டு, லாரி வரும் நேரத்துக்குச் சரியாகத் தெருமுனையில் நிற்பார். யார் வீட்டில் கைக்குழந்தை, யார் வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் சொன்னால் எதிர்ப்பேச்சு கிடையாது. அது எப்படி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அந்த ஆடி மாதம் புரிந்தது.

எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவோம். மூன்று வாரத்துக்கு முன்பே அக்காவும் இன்னும் நாலு பேரும் ஒரு நீளமான நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். வீட்டு எண், பெயர், கொடுத்த தொகை, எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். பணம் தர முடியாத வீட்டில் கேழ்வரகு மாவோ வெங்காயமோ வாங்கிக்கொள்வார்கள். முதல் நாள் இரவு மாவு கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் பச்சரிசி நொய்யோடு சேர்த்துப் பெரிய அலுமினிய அண்டாவில் கிண்டுவோம். துடுப்பை ஒருவர் பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்க முடியாது, கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு, சின்ன வெங்காயம். தெரு முழுக்க அந்த வாசனைதான். வேலூரிலும் கூழ் குடித்திருக்கிறேன், இந்தக் கருவாட்டுக் குழம்புக்கு ஈடு கிடையாது.

பொதுச் சேவை பற்றிய பதிவில் கூழ் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் தெருவில் எந்தச் சேவை ஒழுங்காக நடந்தாலும் அதற்குப் பின்னால் அந்த நோட்டு இருக்கிறது.

ஒருமுறை தெருவில் மூன்று விளக்குகள் எரியவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தேன். அக்காதான் சொன்னார்: "இன்னாமா, தனியா பொலம்பினா எவனுக்குக் கேக்கும்? வசூலுக்குப் போறோம்ல, அப்பயே எல்லாரையும் போன் பண்ணச் சொல்லு." மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு ஒரே நாளில் பதினைந்து வீட்டிலிருந்து அழைத்தோம். கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணையும் சொன்னோம். இரண்டே நாளில் ஆள் வந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: எந்தப் புகாருக்கும் கம்ப எண்ணோ, பக்கத்து வீட்டுக் கதவு எண்ணோ சொல்வேன், குறுஞ்செய்தியில் வரும் புகார் எண்ணைப் பத்திரமாக வைப்பேன். 'தேரடிப் பக்கம்', 'கோயில் பின்னாடி' என்றெல்லாம் சொன்னால் வருகிறவருக்கு இடமே தெரியாது.

எல்லாமே இப்படிச் சுலபமாக முடியவில்லை. கேபிள் பதிக்க ஒரு நிறுவனம் தோண்டிய பள்ளம் நாலு மாதம் மூடாமல் கிடந்தது. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். 'தீர்க்கப்பட்டது' என்று செய்தி மட்டும் வந்தது. அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பையன் சைக்கிளோடு அதில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். அந்தப் பிள்ளை ஸ்கூலுக்குப் போகாமல் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வேலை முடியாமலே புகாரை முடித்து வைப்பதைப் போல மோசமான காரியம் எதுவும் இல்லை. அப்புறம் பள்ளத்தின் படத்தைத் தேதியோடு எடுத்து, நோட்டிலிருந்த அறுபத்துச் சொச்சம் வீடுகளிலும் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகுதான் மண் விழுந்தது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முழங்கால் அளவு தண்ணீர், கரன்ட் இல்லை, போன் இல்லை. இரண்டாம் நாள் காலை கோயில் மேடையில் கூழ் அண்டாக்கள் இரண்டையும் ஏற்றினோம். விறகெல்லாம் ஊறிக் கிடந்ததால் மாடி வீடுகளிலிருந்து சிலிண்டர் இறக்கினார்கள். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுப் பொங்கினோம். யார் வீட்டுக்கு எத்தனை பொட்டலம் என்று அக்கா யோசிக்கவே இல்லை. பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த வசூல் நோட்டை எடுத்தார், ஆடியில் எழுதிய கணக்கைப் பார்த்து வரிசையாகப் பெயர் படித்தார். பையன்கள் தண்ணீரில் இறங்கிப் போய்க் கொடுத்தார்கள். மூன்று நாள் ஒரு வீடும் பட்டினி இல்லை. அந்த மாதமே ரேஷன் கடையில் டோக்கன் முறையில் 6,000 ரூபாய் நிவாரணம் வந்தபோதும், டோக்கன் கிடைக்காமல் விடுபட்டவர்கள் யார் என்று பார்க்க அதே நோட்டுதான்.

போக்குவரத்தைப் பற்றி ஒரே வரியில் சொன்னால், மெட்ரோவுக்கு முன், மெட்ரோவுக்குப் பின் என்று என் வாழ்க்கையைப் பிரித்துவிடலாம். 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை ரயில் வந்தது. காலடிப்பேட்டையில் ஏறினால் கிண்டியில் என் ஆபீஸ் பக்கம் வரை மாறவே வேண்டாம். அதே வருடம் மே மாதம் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும், மீன்கார அக்காவுக்குத் தினமும் மிச்சமாகும் காசு சீட்டுக்குப் போனது. அந்தச் சீட்டுப் பணத்தில் மகளுக்கு நர்சிங் முதல் வருட ஃபீஸ் கட்டினார்.

மருத்துவத்தில் எனக்குக் குறையே இல்லை. குழந்தைக்குப் புதன்கிழமை தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட்டோம். மாமியாருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண் மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஓடுவதில்லை. உட்கார்ந்து, "அம்மா, உப்பு குறைச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். மாமியார் என் பேச்சைக் கேட்க மாட்டார், அந்தப் பெண் சொன்னால் கேட்கிறார்.

பகுதி மக்கள் கவுன்சிலரிடம் குறைகளைச் சொல்லும் ஏரியா சபைக் கூட்டங்களை யாரும் விடாதீர்கள். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் முதல் கூட்டம் நடந்தபோது நாங்கள் நாலே பேர்தான் போனோம். போன தடவை இருபத்தேழு பேர். கவுன்சிலர் முன்னால் உட்கார்ந்து நம் தெரு விஷயத்தை நேரில் பேசுவதும் போனில் சொல்வதும் ஒன்றாகாது. போகும்போது எழுதிய மனுவை இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வருட ஆடி வசூலுக்கு நோட்டு தீர்ந்துவிட்டது, புதுசு வாங்கியாயிற்று. வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டிருக்கிறேன், அந்தந்த வீட்டுக்காரர் சொல்லும் குறையை எழுத. முதல் பக்கத்தில் இதுவரை ஒன்பது வீடு. ஏழு பேர் சொன்னது ஒன்றுதான்: ஸ்டேஷனுக்குப் போகும் நடைபாதையில் உடைந்து கிடக்கும் சிலாப்.