ஒரு 'செகண்ட்'டுக்கு ஒரு மணித்தியாலம்: நான் போற இங்கிலீஷ் கிளாஸ்

திருகோணமலையில ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க எங்க நல்லம் எண்டு கேக்கிற ஆக்களுக்கு. நான் உப்புவெளியில ஒரு ஹோட்டல்ல ரிசெப்ஷன்ல நிக்கிறன், டவுனில ரிட்டயர்ட் ஆன ஒரு சேர் தன்ர வீட்டு விறாந்தையில நடத்துற கிளாசுக்கு நாலு மாசமா போறன். பேர் போடேல்ல, அவருக்கு விருப்பமில்லை.

முதல் குறையைச் சொல்லிடுறன். நேரத்துக்குத் தொடங்காது, ஒரே ஒரு ஃபேன், கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில இருக்கேலாது. நோட்ஸ் தரமாட்டார். ஓ லெவல் பிள்ளையளுக்கு பாஸ்ட் பேப்பர் செய்விக்க இடம் தேடுறீங்களெண்டா இது வேணாம்.

ஆனா மனுசன் ஒரு சொல்லைப் பிடிச்சா விடமாட்டார். போன கிழமை முழு கிளாஸும் 'செகண்ட்'தான். தொடக்கினது நான், ஒரு வெள்ளைக்காரம்மா கொமென்ட் புக்கில பிரேக்ஃபாஸ்ட் 'செகண்ட் டு நன்' எண்டு எழுதிட்டுப் போக எங்கட குக் அண்ணன் செகண்ட் எண்டதை மட்டும் பாத்திட்டு ரெண்டு நாளா முகத்தைத் தூக்கி வச்சிருந்தார், எனக்கும் விளங்கேல்ல. சேர் சிரிச்சிட்டு, "தம்பி, எதுக்குமே ரெண்டாவது இல்லையாம், போய் அவரிட்டச் சொல்லு" எண்டார்.

பிறகு வேருக்குப் போனார். ஃபர்ஸ்ட், தேர்ட் எல்லாம் இங்கிலீஷ்காரரின்ர சொந்தச் சொல்லாம், செகண்ட் மட்டும் பிரெஞ்சுக்காரரிட்ட வாங்கினது, அதுக்கு மூலம் லத்தீன் 'செகுண்டுஸ்', பின்னால வாறது எண்டு கருத்து. அதுக்கு முதல் ரெண்டாவதுக்கும் 'அதர்' எண்டுதான் சொன்னவையாம், அந்தப் பழைய அதர் இன்னும் 'எவ்ரி அதர் டே'யில ஒளிச்சிருக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் எண்டது அதுதான், நான் அதை வேற மாதிரி விளங்கி ஒரு ரூம்காரரிட்ட ஏச்சு வாங்கினது தனிக்கதை.

செக்கன் முள்ளும் இதே சொல்லுதான். மணித்தியாலத்தை முதல்தரம் 60ஆப் பிரிச்சா மினிட், அந்த மினிட்டை ரெண்டாந்தரம் 60ஆப் பிரிச்சா செகண்ட். அப்ப 'ஒரு செக்கன் நில்லு' எண்டு சொல்லேக்க நாங்க 'ஒரு ரெண்டாவது நில்லு' எண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறம்!

எனக்குப் பிடிச்சது கடைசியாச் சொன்னதுதான். பின்னால இருந்து வள்ளத்தைத் தள்ளுற காத்துக்கும் லத்தீன்ல இதே சொல்லாம், அதால 'சாதகமான' எண்ட கருத்தும் இருந்திருக்கு. எங்கட அப்பப்பா பாய் கட்டி வள்ளம் விட்ட ஆள், காத்து பின்னுக்கு நிண்டாத் துடுப்பு எதுக்கடா எண்டுவார். அதைச் சொன்னன், சேர் கொஞ்சநேரம் பேசாம நிண்டிட்டு போர்ட்டில வள்ளம் ஒண்டு கீறினார். கீற வராது அவருக்கு, செருப்பு மாதிரி இருந்துது.

அஞ்சுக்கு நாலு குடுப்பன், ஒண்டைக் குறைச்சது ஃபேனுக்கு. காசு மாசம் முடியத்தான் கேப்பார். போறதெண்டா வெள்ளனவே போங்க, கதிரை குறைவு, ஃபேனுக்குக் கீழ இருக்கிறது என்ர இடம். குக் அண்ணன் இப்ப அந்தக் கொமென்ட் புக் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து ஃபோன் ஸ்கிரீன்ல போட்டிருக்கிறார்.