பெஸ்ட் பக்கத்துப் பழைய வீடு: வாங்கிக் குடியிருந்த அனுபவம்

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் வீடு வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம் என்று எழுதுகிறேன். இந்நகரின் 23 வட்டாரங்களில் எட்டாவதான யோஜெஃப்வாரோஷில், தேசிய அருங்காட்சியகத்துக்குப் பின்புறத் தெரு ஒன்றில், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடத்தில் சில ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் இருக்கிறேன். குடியிருக்க வாங்குபவருக்கு இது அருமையான ஊர். வேறு நாட்டில் உட்கார்ந்துகொண்டு மாதாமாதம் வாடகை எண்ணலாம் என்று வாங்குபவருக்கு அவ்வளவு சுகப்படாது.

புடா, ஓபுடா, பெஸ்ட் மூன்றும் 1873இல் ஒரே நகரமாயின. அதற்குப் பின் முதல் உலகப் போர் வரை பெஸ்ட் பக்கம், அதாவது டான்யூப் ஆற்றின் கிழக்குக் கரையில், கட்டடங்களாகக் கட்டித் தள்ளினார்கள். பெரும்பாலானவை வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டப்பட்டவை. நடுவில் முற்றம், அதைச் சுற்றி மாடிதோறும் இரும்புக் கிராதி வைத்த திறந்த நடை, வீட்டு வாசல்களெல்லாம் அந்த நடையைப் பார்த்தே திறக்கும். 1952இல் இவற்றை அரசு எடுத்துக்கொண்டது. பெரிய வீடுகள் கூறுபோடப்பட்டன. 1990க்குப் பிறகு, குடியிருந்தவர்களுக்கே சல்லிசான விலைக்கு விற்றுவிட்டார்கள்.

இந்த வரலாற்றை நான் அளப்பதற்குக் காரணம் உண்டு. அன்று வாங்கிய ஓய்வூதியப் பாட்டி, நேற்று பெரும் கடன் வாங்கி வந்த இளம் தம்பதி, வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பூட்டிவைத்திருப்பவர் ஆகிய மூவருக்கும் கூரை ஒன்றுதான். ஓடு மாற்ற வேண்டுமென்றால் மூவரும் பணம் போட வேண்டும். எனவே வீட்டுக்குள் போய் ஓவியம்போல் புதுப்பித்த குளியலறையைப் பார்த்து மயங்குவதற்கு முன் முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். நடைகளுக்கு மரத்தூண்களால் முட்டுக்கொடுத்திருக்கிறார்களா? கீழ்ச்சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா? முகப்பில் துப்பாக்கிக் குண்டுத் தழும்புகள் இருந்தால் பயப்பட வேண்டாம். அவை இரண்டாம் உலகப் போரின் 1944–45 முற்றுகையிலோ, சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 எழுச்சியிலோ விழுந்தவையாக இருக்கும். அதற்குப் பிறகு முகப்பில் யாரும் கைவைக்கவில்லை என்பதுதான் அதில் உள்ள செய்தி. அந்தச் செலவு உங்கள் காலத்தில் வரும்.

உரிமையாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் தனி உலகம். அழைப்பிலேயே இரண்டு நேரம் போட்டிருப்பார்கள், மாலை 5 மணி, 5.30 மணி என்று. ஐந்து மணிக்குப் போதிய பங்குடையவர்கள் வராததால் கூட்டம் செல்லாது என்று அறிவிப்பார்கள். அரைமணி நேரம் எல்லாரும் வாசற்கூடத்தில் புகைத்துக்கொண்டு நிற்பார்கள். 5.30க்கு அதே ஆட்களோடு இரண்டாம் கூட்டம் தொடங்கும். இப்போது எத்தனை பேர் இருந்தாலும் செல்லும். வாக்கு தலைக்கு ஒன்று அல்ல, உடைமைப் பங்கின் அளவுக்கு. எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளக் கடைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினாலே முதல் மாடி முழுவதும் தோற்றுவிடும். வாங்குவதற்கு முன் முந்தைய கூட்டங்களின் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். சங்கம் கடன் எடுத்திருக்கிறதா, சீரமைப்பு நிதியில் ஏதாவது இருக்கிறதா, மாதப் பராமரிப்புத் தொகையை எத்தனை வீடுகள் பாக்கி வைத்திருக்கின்றன என்பதெல்லாம் அதில்தான் வெளிவரும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை இங்கே நிம்மதி அதிகம். நம் ஊரில் பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் என்று அலைவதெல்லாம் இங்கே நிலப்பதிவேட்டின் ஒரே சான்றில் அடங்கிவிடும்: முதல் பகுதியில் சொத்து, இரண்டாவதில் உரிமையாளர், மூன்றாவதில் வில்லங்கம். மூன்றாவதை நிதானமாகப் படியுங்கள். பிள்ளை பெயரில் வீடு இருக்கும், ஆனால் தாய்க்கு ஆயுட்கால அனுபவ பாத்தியதை எழுதியிருக்கும். அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்காவிட்டால் சாவி உங்களிடம் வந்தும் பயனில்லை. ஒப்பந்தத்தை வழக்கறிஞர் எதிர்க்கையெழுத்திட்டு அவரே பதிவுக்கு அனுப்புவார். சார்பதிவாளர் அலுவலக வாசலில் காத்திருக்கும் வேலை இல்லை. முன்பணம் பெரும்பாலும் பத்து சதவீதம். நீங்கள் பின்வாங்கினால் அது போகும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்கள் அரசு அலுவலகத்தின் அனுமதியும் பெற வேண்டும், அதுவரை பொறுமை தேவை. முத்திரைவரி நான்கு சதவீதம்.

குடியிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கூரை மிக உயரம். எனக்கு முன் இருந்தவர் அறைக்குள்ளேயே மரத்தில் பரண் கட்டி மேலே படுக்கை போட்டிருந்தார். கோடையில் அந்த உயரம் சொர்க்கம், குளிர்காலத்தில் சூடெல்லாம் மேலே போய்ப் பரணில் படுத்துக்கொள்கிறது. பழைய இரட்டை ஜன்னலைக் கழற்றிப் பிளாஸ்டிக் போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள், நல்ல தச்சர் இழைத்து ரப்பர் பட்டை ஒட்டிக்கொடுத்தால் போதும். 2022 ஆகஸ்டிலிருந்து எரிவாயுவுக்கு ஆண்டுக்கு 1,729 கன மீட்டர் வரைதான் சலுகை விலை. சின்ன வீட்டுக்கு அது தாராளம், பெரிய வீடு வாங்குபவர் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று, மாடி எண்ணை நம்பாதீர்கள். தரைத்தளம், அரைத்தளம் எல்லாம் தாண்டிய பிறகே ‘முதல் மாடி’ தொடங்கும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்பது முழங்காலுக்கு ஐந்தாம் மாடி.

ஆண்டுக்கொரு முறை பழைய சாமான்களைத் தெருவில் போடும் நாள் வரும். எங்கள் வீட்டு நாற்காலிகளில் பாதி அன்று கிடைத்தவைதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பேராசிரியர்களும் அன்று தெருவில் கிளறிக்கொண்டிருப்பார்கள்.

முதலீட்டுக் கணக்கு வேறு. உள்ளூர் நாணயமான ஃபோரிண்ட்டில் விலை ஏறியதைப் பார்த்து மகிழ்பவர்கள் அந்த நாணயத்தின் மதிப்பு இறங்கியதையும் பார்க்க வேண்டும். 2010இல் ஒரு யூரோவுக்கு 275 ஃபோரிண்ட் அளவில் இருந்தது. 2022 அக்டோபரில் 430 வரை போனது. விதிகளும் திடீரென மாறும். சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடலாம் என்றுதான் பலர் ஆறாவது, ஏழாவது வட்டாரங்களில் வாங்கினார்கள். ஆறாவதான டெரேஸ்வாரோஷ் மக்கள் 2024 செப்டம்பரில் வாக்களித்து, 2026 ஜனவரி 1 முதல் அதைத் தடைசெய்யச் சொல்லிவிட்டார்கள். நகரம் முழுவதற்கும் புதிய உரிமங்களை 2025, 2026 ஆகிய ஈராண்டுகளுக்கு நிறுத்தியும் வைத்தார்கள். சக்கரம் வைத்த பயணப்பெட்டி கற்பாதையில் இரவு இரண்டு மணிக்கு உருளும் சத்தத்தைக் கேட்டவன் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தமில்லை. நீண்டகால வாடகையே மிச்சம். அதில் பத்து சதவீதச் செலவுக் கழிவு போக மீதிக்கு 15 சதவீத வரி. பராமரிப்பு, காலியாகக் கிடக்கும் மாதங்கள், சங்கத்தின் திடீர் வசூல் எல்லாம் போனால் கையில் நிற்பது வங்கி வட்டியைவிடப் பெரிதாக இருக்காது. ஐந்தாம் ஆண்டுக்கு முன் விற்றால் லாபத்துக்கு வரி, அதுவும் ஆண்டுக்காண்டு குறையும். ஐந்தாம் ஆண்டில் இல்லை. அவசரத்தில் விற்பவருக்கு இந்த ஊர் ஏற்றதல்ல.

வீடு வாங்கினால் குடியிருப்பு அனுமதி கிடைக்குமா என்பது எல்லாரும் கேட்கும் கடைசிக் கேள்வி. 2024 ஜூலையில் தொடங்கிய விருந்தினர் முதலீட்டாளர் திட்டத்தில், ஐந்து லட்சம் யூரோவுக்கு நேரடியாக வீடு வாங்கும் வழியை 2025இல் திறப்பதாக இருந்தார்கள். திறப்பதற்கு முன்பே ரத்து செய்துவிட்டார்கள். அங்கீகரித்த சொத்து நிதியில் இரண்டரை லட்சம் யூரோ போடும் வழி தொடர்ந்தது. சாதாரணமாக ஒரு வீடு வாங்கியவருக்கு அந்தத் திட்டம் எதையும் தருவதில்லை. என் குடியிருப்பு அனுமதி அட்டை இன்றும் வேலையை வைத்தே புதுப்பிக்கப்படுகிறது. அந்த விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்று என்ற கட்டத்தை நிரப்ப மட்டும் இந்த வீடு உதவுகிறது.