எல்பியிலிருந்து எடுத்த பாட்டா, சிடியா? நெடுநாள் ஒப்பிட்டுக் கேட்டதில்

எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல் எல்பிக்களை, அதாவது ஊசி வைத்துக் கேட்கும் பெரிய இசைத்தட்டுகளை, கணினியில் ஏற்றி, அதே படத்தின் சிடியோடு வருடக்கணக்கில் மாற்றி மாற்றிக் கேட்டதில் ஒன்று உறுதியாகிவிட்டது. காதில் விழும் வித்தியாசத்தில் பெரும்பங்கு மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசி வேலையில், இருக்கிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் சிடிதான் மேல்: அதன் ஒலி வீச்சு (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) சுமார் 96 டெசிபல், நல்ல எல்பிக்கே 70ஐத் தாண்டுவது அரிது. ஆனால் இரைச்சலை நீக்குகிறோம் என்று டிரம்ஸின் ஹை-ஹாட் தாளத்தட்டின் மினுக்கத்தையும் வயலின்களின் காற்றோட்டத்தையும் சேர்த்து வழித்தெடுத்த சிடிக்கள் உண்டு. சத்தத்தை ஏற்றி உச்சிகளை நசுக்கியவையும் உண்டு. அப்படிப்பட்ட படங்களுக்கு, கவனமாக எடுத்த எல்பி கோப்பில் இளையராஜாவின் பேஸ் கிட்டார் தனித்து நடப்பது கேட்கும். நசுக்காத சிடி கிடைத்தால் தயங்காமல் அதையே வாங்கலாம்.

ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் 0.2 டெசிபலுக்குள் சமப்படுத்துங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே காதுக்கு நல்லதாகத் தோன்றும். வீச்சை அளந்து காட்டும் டிஆர் மீட்டர் மென்பொருளின் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே மாஸ்டரிலிருந்து வந்தாலும் எல்பி கோப்பில் சில டெசிபல் கூடுதலாகக் காட்டும். தட்டில் தடத்தை வெட்டும்போதும் ஊசி அதைப் படிக்கும்போதும் அலையின் கட்டம் (ஃபேஸ்) மாறி உச்சிகள் உயர்வதுதான் காரணம், உண்மையான வீச்சு கூடியிருக்காது.

எடுக்கும் முறையில் முதல் வேலை கழுவுவது. எத்தனை விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜும் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) அழுக்குத் தட்டைக் காப்பாற்றாது. காய்ச்சி வடித்த நீரில் சில துளி ஈரமூட்டி (நீர் தடத்துக்குள் பரவ உதவும் திரவம்) போதும். 78 வேக அரக்குத் தட்டில் மட்டும் ஆல்கஹால் படவே கூடாது, கரைந்துவிடும். ஆடியோ-டெக்னிகா விஎம்95எம்எல் கார்ட்ரிட்ஜின் மைக்ரோலைன் ஊசிக்கு (தடத்துக்குள் ஆழமாகப் பொருந்தும் மெல்லிய முனை) 2 கிராம் அழுத்தம். அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு வயரும் ஃபோனோ பிரீஆம்பும் (ஊசியின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் கருவி) சேர்ந்த மின்தேக்கம் 100 முதல் 200 பிகோஃபாரட் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் மேல்ஸ்தாயியில் ஒரு மேடு எழும், அதைத்தான் பலர் ‘எல்பியின் பளிச்’ என்று பாராட்டுகிறார்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில், உச்சி மைனஸ் 6 டெசிபலைத் தொடாமல் பதியுங்கள். கீறலாலும் தூசியாலும் வரும் க்ளிக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் நீக்குங்கள். தானியங்கி நீக்கி மிருதங்கத்தின் சாப்பையும் க்ளிக் என்று எடுத்துவிடும்.

பக்கத்தின் கடைசிப் பாட்டுதான் பெரிய சோதனை. வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு சுமார் 51 செ.மீ. ஓடும் தடம், உள்ளே 21 செ.மீ.யாகக் குறைகிறது. பெண் குரலின் ‘ச’ அங்கே கரகரக்கும். மைக்ரோலைன் ஊசி பெரும்பாலும் சரிசெய்யும், கூம்பு ஊசியால் தேய்ந்துபோன தடத்தை எதுவும் மீட்காது. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் சிடியை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

அறுபதுகளின் மோனோ தட்டு என்றால் இரு சேனலையும் கூட்டி ஒன்றாக்குங்கள். இரைச்சல் சுமார் 3 டெசிபல் இறங்கும்.