ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறீர்களா, பெட்டியைக் கடையிலேயே திறந்து பின்பக்கத்தைப் பாருங்கள்

மட்டக்களப்பு டவுனில் ஒரு எலெக்ட்ரோனிக் கடையில் போன மாதம் அக்காவுக்கு 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பாஸ் பெட்டியும்) ஹோம் தியேட்டர் செட் ஒன்று வாங்கினோம். கடையில் போட்டுக் காட்டியது ஒரு செட், பெட்டியில் தந்தது வேறு செட். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து டவுனுக்கு வந்து சாமான் வாங்குகிற ஆட்கள் இதை ஒருக்கால் முழுதாக வாசியுங்கள்.

அக்கா சீட்டு எடுத்த காசு, 55,000 ரூபா. அத்தானுக்குக் காது கொஞ்சம் மந்தம், டீவி ஸ்பீக்கரில் படத்தில் கதைப்பது அவருக்கு விளங்குவதில்லை, அதற்காகத்தான் இந்தச் செலவே. அதனால் கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டேன்: "அண்ணன், டீவியில இருந்து ஏ.ஆர்.சி.யால சத்தம் எடுக்கலாமா, டொல்பி வருமா?" "எல்லாம் வரும் தம்பி, பின்னால பாருங்க" என்று காட்சிக்கு வைத்திருந்த செட்டைத் திருப்பிக் காட்டினார். எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருந்தது, பக்கத்தில் ஏ.ஆர்.சி. (டீவியின் சத்தம் அதே எச்.டி.எம்.ஐ. வயரால் செட்டுக்கு வருகிற வழி) என்று எழுதியிருந்தது, ஒப்டிகலும் (சத்தத்தை ஒளியாகக் கொண்டுவரும் வயருக்கான ஓட்டை) இருந்தது. சரி என்று காசைக் கட்டினோம். ஸ்டோரிலிருந்து சீல் போட்ட பெட்டி வந்தது. திறந்து பார்க்கலாமா என்றதற்கு, சீல் உடைத்தால் வொரண்டி போய்விடும், வீட்டில் போய்த் திறவுங்கள் என்றார்கள்.

வீட்டில் திறந்தால் முன்பக்கம் அதேதான், ஸ்பீக்கர்களும் அதேதான். பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஓட்டை, ஒரு யூ.எஸ்.பி., அவ்வளவுதான். மொடல் இலக்கத்தின் கடைசி எழுத்து மட்டும் வேறு.

சிவப்பு, வெள்ளை வயரில் போவது இடது, வலது என்று இரண்டு சனல் (தனித்தனிச் சத்தப் பாதை) மட்டும். படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாகப் பதிவாகியிருக்கும். அதைப் பிரித்தெடுக்க டொல்பி டிஜிட்டல் மாதிரி ஒரு சிக்னல் ஒப்டிகலாலோ ஏ.ஆர்.சி.யாலோ உள்ளே வர வேண்டும், செட்டுக்குள் அதைப் பிரிக்கிற டிகோடரும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இந்தச் செட், வந்த இரண்டு சனலையே ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டு அனுப்புகிறது. அத்தானுக்கு இப்போது வசனம் முதுகுக்குப் பின்னாலிருந்தும் வருகிறது, இசையோடு கலந்து, முன்பு விளங்கியதும் இப்போது விளங்கவில்லை.

கடையில் பென்ட்ரைவில் பாட்டுப் போட்டுக் காட்டினால் இது பிடிபடவே படாது, ஏனென்றால் நாம் கேட்கிற பாட்டு அநேகமாக இரண்டு சனல்தான், ஐந்து ஸ்பீக்கரும் சேர்ந்து பாடினால் நன்றாகத்தான் இருக்கும். யூடியூப்பும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே 5.1 சத்தம் உள்ள படம் ஒன்றை, டீவியோடு இணைத்து, போடச் சொல்லுங்கள். ஆட்கள் கதைக்கும் இடத்தில் நடு ஸ்பீக்கருக்குக் கிட்டப் போய்க் கேளுங்கள், பிறகு பின் ஸ்பீக்கருக்குப் போங்கள். பின்னாலும் அதே வசனம் அதே அளவில் கேட்டால் அது 5.1 இல்லை. ஆனால் ஒன்று, டீவி மெனுவில் சவுண்ட் அவுட்புட் பி.சி.எம். என்று கிடந்தால் ஒப்டிகலிலும் இரண்டு சனல்தான் போகும், அதை முதலில் பிட்ஸ்ட்ரீம் (டொல்பி சிக்னலை அப்படியே செட்டுக்கு அனுப்புவது) என்று மாற்றிவிட்டுக் கேளுங்கள்.

பெட்டியில் 12,000 வாட் பி.எம்.பி.ஓ. (ஒரு கணத்துக்கு மட்டும் வரும் உச்ச சக்தி என்று சொல்கிற எண்) என்று பெரிதாக அடித்திருக்கிறார்கள். செட்டின் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில் 230 வோல்ட், 60 வாட் என்று இருக்கிறது. 60 வாட் கரண்ட் இழுக்கிற பெட்டி தொடர்ந்து அதைவிடக் கூடுதலாக ஸ்பீக்கருக்குக் கொடுக்க வழியே கிடையாது. பி.எம்.பி.ஓ.வுக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவுமுறை ஒன்றும் இல்லை, விரும்பிய எண்ணை அச்சடிக்கலாம். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி) எவ்வளவு என்று கேளுங்கள், சொல்லத் தெரியாவிட்டால் அந்த ஸ்டிக்கரைப் பாருங்கள்.

அடுத்த நாளே திரும்பக் கொண்டுபோனோம். "நீங்க வாங்கின செட் இதுதான், மாத்த ஏலாது, பில்லைப் பாருங்க" என்றார் அதே மனிதர். பில்லில் 'ஹோம் தியேட்டர் 1' என்று மட்டும் எழுதியிருந்தது, மொடல் இலக்கம் இல்லை. காட்டிய செட் அங்கேயே, அதே தட்டில், எங்கள் கண் முன்னால் இருக்கிறது. அக்கா கடை வாசலில் நின்று அழுதாள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பில் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பில்லில் பெட்டியில் உள்ள மொடல் இலக்கத்தை எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள், எழுதாவிட்டால் காசைக் கட்டாதீர்கள். சீல் உடைக்கக் கூடாது என்று சொல்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

அப்புறம், காசு குறைவென்றால் ஐந்து ஸ்பீக்கர்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் நடு சனல் உள்ள 3.1 சவுண்ட்பார் (டீவிக்கு முன்னால் வைக்கிற நீள ஸ்பீக்கர், இடது, வலது, நடு என்று மூன்று சனலும் ஒரு பாஸ் பெட்டியும்), ஏ.ஆர்.சி. உள்ளதாக, போதும். நம்முடைய வீட்டு ஹோல்களுக்கு அதுவே தாராளம், வயர் இழுக்கிற வேலையும் இல்லை.

அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தொலைபேசி இலக்கம் 1977. டவுனில் இதேபோல மொடல் இலக்கம் இல்லாத பில்லோடு செட் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் பெட்டியை எறியாதீர்கள், பில்லோடு சேர்த்து வைத்துக்கொண்டு நீங்களும் முறைப்பாடு கொடுங்கள்.