நாய்க்குட்டிக்கு உச்சா பேட், புல் தட்டு, ஸ்ப்ரே: 3,380 ரூபாயில் எது தேறியது?

ஐப்பசி மழையில் எங்கள் அடுக்ககத்தில் பைக் நிறுத்தும் இடத்தில் ஒதுங்கிக் கிடந்த குட்டி அது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டான். கன்னங்கரேலென்று உருண்டையாக இருந்ததால் மிளகு என்று பெயர். நாட்டு நாய்தான். மறுநாள் ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பல்லைப் பார்த்துவிட்டு ஏழு வாரம் இருக்கும் என்றார். முதல் ஊசி போட்டார். "எல்லா ஊசியும் முடியறவரைக்கும் தெருவுல இறக்காதீங்கம்மா. பார்வோ வந்தா குட்டி தாங்காது, அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்கா கிடக்கும்" என்றார்.

சரி, தெரு கிடையாது. பெரம்பூரில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம், தோட்டமும் கிடையாது. அப்புறம் எங்கேதான் போகும்? அந்த ஒரு கேள்விக்காக நான் வாங்கிய சாமான்களின் கணக்குதான் இது. கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்கிறார்கள்.

முதலில் உச்சா பேட். 50 எண்ணம் உள்ள கட்டு 1,100 ரூபாய், ஒன்று 22 ரூபாய். அட்டையில் 60க்கு 60 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது. தையல் டேப் வைத்து அளந்து பார்த்தேன். நடுவில் பஞ்சு இருப்பது 50க்கு 50தான், ஓரமெல்லாம் வெறும் பிளாஸ்டிக். குட்டிக்கு இந்த அளவெல்லாம் தெரியுமா? முன்கால் இரண்டையும் பேடில் கச்சிதமாக வைத்து, பின்பக்கத்தை ஓரத்தில் விட்டுப் போகும். வழிந்து மொசைக் தரைக்கு வந்துவிடும். நடுவில் போனால் குறை சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் குருணை அப்படியே ஜெல்லியாக மாறி ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது, தொட்டால் மேலே காய்ந்தே இருக்கிறது. குழந்தை டயப்பரில் இருக்கும் அதே சமாச்சாரம்.

வினை வேறு இடத்தில் வந்தது. நான்காம் நாள் மத்தியானம் ஆன்லைன் மீட்டிங் முடித்துவிட்டு ஹாலுக்கு வந்தால், பேடை நார் நாராகக் கிழித்துப் போட்டுவிட்டு மீசையில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கிறது மிளகு. எவ்வளவு விழுங்கியதோ என்று வயிற்றைக் கலக்கிவிட்டது. வாந்தி எடுக்கிறதா, மலம் போகிறதா என்று இரண்டு நாள் பார்க்கச் சொன்னார் டாக்டர். குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகுமாம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு ஆள் இல்லாத நேரத்தில் பேட் போடுவதில்லை. ஆள் இருந்தால் பேட் எதற்கு என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி.

இன்னொன்றும் கவனித்தேன். பேட் மெத்தென்று இருப்பதால், மெத்தென்று இருப்பதெல்லாம் கழிப்பறை என்று குட்டி முடிவுகட்டிவிட்டது. குளியலறை மிதியடி, பூஜை அறைப் பக்கம் கிடந்த ஜமக்காளம், கடைசியில் என் கணவரின் தலையணை. ஒரு நாளைக்கு ஐந்து பேட், பத்து நாளில் கட்டு காலி. மறு கட்டு வாங்கவில்லை.

'இங்கே போ' என்று மணத்தால் அழைக்கும் ஸ்ப்ரே 350 ரூபாய். அடித்தேன். மிளகு மோந்து பார்த்து இரண்டு தும்மல் போட்டுவிட்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. தண்டம். அதைவிட, அதன் உச்சாவையே கொஞ்சம் பேப்பரில் ஒற்றி, போக வேண்டிய இடத்தில் வைத்தால் வேலை நடக்கிறது. செலவு பூஜ்யம்.

1,450 ரூபாய்க்கு வாங்கிய பிளாஸ்டிக் புல் தட்டு பரவாயில்லை. மேலே புல், நடுவில் கம்பி மாதிரி அடுக்கு, அடியில் தட்டு. ஈரம் கீழே இறங்கிவிடுவதால் குட்டியின் கால் நனைவதில்லை, கடித்தாலும் புல் லேசில் பிய்வதில்லை. ஆனால் நம் ஊர் வெக்கையில் தினம் இரண்டு வேளை கழுவாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மணியடிப்பார் (அடித்தார்). எங்கள் பால்கனி மேற்கு பார்த்தது. மழை விட்டு வெயில் வந்த நாளில் மூன்று மணிக்குப் புல்லில் கை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல். நிழலுக்கு நகர்த்திய பிறகுதான் குட்டி ஏறியது.

கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று நான் சொல்லும் ஒரே சாமான் என்சைம் கிளீனர். 480 ரூபாய், அரை லிட்டர். பினாயில் ஊற்றித் துடைத்தால் நமக்கு உச்சா வாடை போய்விடும், நாய் மூக்குக்குப் போகாது. அதே மூலைக்குத் திரும்பத் திரும்ப வரும். பினாயில் துடைத்த தரையில் நடந்துவிட்டுக் காலை நக்குவதும் நல்லதில்லை. என்சைம் அந்த வாடைக்குக் காரணமானதையே உடைக்கிறது. ஊற்றிய உடனே துடைக்கக் கூடாது, கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். பினாயிலோடு கலந்துவிட்டால் என்சைம் வீண். எங்கள் வீட்டுவேலைக்கு வரும் அக்காவுக்கு இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது.

கீழ்வீட்டு மாமா இலவசமாக ஒரு யோசனை சொன்னார். "தப்புப் பண்ணின இடத்துல மூக்கைத் தேய்ங்க, புத்தி வரும்." ஒரே ஒரு தடவை செய்தேன். அதன் பலன், என் கண்ணெதிரே போவதை நிறுத்திவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போக ஆரம்பித்தது. பாவம், போவதே குற்றம் என்று நினைத்துவிட்டது.

உண்மையில் பழக்கியது அத்தைதான். தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட கால் மணி நேரத்தில், விளையாடி முடித்தவுடன், நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் புல் தட்டில் விடுவார். மழை இல்லாவிட்டால் மொட்டைமாடி. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து "ஸ்ஸ்ஸ்ஸ்..." என்பார். "உன் புருஷனையும் இப்படித்தாம்மா காலில் உட்கார வச்சுப் பழக்கினேன். அவனுக்கு எந்தக் கடையில பேட் வாங்கினேன்?" போய் முடித்த அந்த நொடியே ஒரு சின்னத் துண்டு இட்லி. அரை நிமிஷம் தள்ளிக் கொடுத்தாலும் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாதாம். டாக்டரும் இதையேதான் சொன்னார், இட்லியைத் தவிர.

நானும் அதன் ஜாடைகளைக் கற்றுக்கொண்டேன். விளையாடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று தலையைத் தரையில் வைத்து மோந்துகொண்டு வட்டமடித்தால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஐந்து விநாடிதான் அவகாசம்.

இப்போது மிளகுக்கு நாலு மாதம். ராத்திரி பத்துக்குப் போனால் காலை ஐந்தரை வரை தாங்குகிறது. தப்பு நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஒரே சிக்கல், அடுப்பில் குக்கர் "ஸ்ஸ்ஸ்" என்று ஆவி விட ஆரம்பித்தால், எங்கே இருந்தாலும் எழுந்து பால்கனிக்கு ஓடிப்போய்த் தட்டில் ஏறி நின்றுகொண்டு இட்லிக்காகத் திரும்பிப் பார்க்கிறது.