இராத்தங்கலுக்குக் குதிரைப்பட்டி: இரும்புச் சட்டமா, மின்கயிறா?

எங்களிடம் இரண்டு குதிரைகள் இருக்கின்றன: பதினொரு வயதான மார்வாரிப் பெட்டை ஒன்று, அதைவிடச் சற்றுக் குட்டையான, காயடிக்கப்பட்ட கத்தியவாரி ஆண் ஒன்று. மழை ஓய்ந்த மாதங்களில் அவற்றை ஏற்றிக்கொண்டு, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சரல்காடு, குலசேகரத்தை ஒட்டிய நண்பரின் ரப்பர் விளை, முட்டத்துக்கு அருகே உறவினரின் தென்னந்தோப்பு என்று ஓரிரு இரவுகள் தங்கி வருவது வழக்கம். இரவில் குதிரைகளை நிறுத்துவதற்கு முதலில் இரும்புச் சட்டங்கள் செய்தேன். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவற்றைக் கைவிட்டு, மின்துடிப்பு ஓடும் கயிற்றுவேலிக்கு மாறினேன். மாறிய முடிவு சரி என்றே இன்றும் கருதுகிறேன். ஆகையால் இந்த ஒப்பீட்டில் மின்கயிற்றின் பக்கம் சாய்வு இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் வலையையும் படலையும் கொண்டு அரைமணி நேரத்தில் பட்டி கட்டிவிடுவதைப் பார்த்துவிட்டு, குதிரைக்கும் அதுவே போதும் என்று எண்ணக் கூடாது. ஆடு மிரண்டால் கூட்டத்துக்குள் ஒடுங்கும். குதிரை மிரண்டால் ஓடும். முந்நூற்றைம்பது கிலோ எடையுள்ள உயிர் இருட்டில் வலைக்குள் காலை விட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முளையடித்து நீளக் கயிற்றில் கட்டுவதையும் இதே காரணத்துக்காக நான் விட்டுவிட்டேன். பின்னங்கால் குழைச்சில், அதாவது குளம்புக்குச் சற்று மேலே, கயிறு உராய்ந்து ஏற்படும் புண் ஆற ஒரு மாதம் ஆகும்.

பிளாஸ்டிக் குழாய்ச் சட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடை குறைவு, விலை குறைவு என்பது உண்மை. ஆனால் நம் வெயிலில் இரண்டு கோடை கிடந்தால் குழாய் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உடைந்த முனை கத்தியைப் போல இருக்கும். குதிரை உடம்பைச் சொறிந்துகொள்ளச் சாய்ந்தாலே வளைந்து கொடுக்கும் ஒன்றை வேலி என்று நம்பித் தூங்க முடியாது.

இரண்டு மரங்களுக்கு இடையே ஏழடி உயரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டி, அதிலிருந்து குதிரையின் தலைக்கயிற்றைத் தொங்கவிடும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் மலைப்பாதைகளில் குதிரையோடு செல்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள்; மரப்பட்டை அறுபடாமல் இருக்க அகலமான நாடாவை மரத்தில் சுற்றி, அதில் கயிற்றைக் கட்டுகிறார்கள். ஒரே இரவு தங்குவதற்கு இது நல்ல முறைதான். ஆனால் நம் மாவட்டத்தில் மரம் கிடைப்பதில் வேறு வகைச் சிக்கல் இருக்கிறது. ரப்பர் மரத்தின் பட்டையில்தான் அதன் வருமானமே இருக்கிறது. பால் வெட்டும் பட்டையில் எவ்வளவு அகலமான நாடாவைச் சுற்றினாலும் தோட்டக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது. தென்னையில் கட்டினால் மட்டையும் நெற்றும் எப்போது விழும் என்று தெரியாது. கட்டுண்ட குதிரையால் விலகவும் முடியாது. நல்ல புளியமரம் இரண்டு, இடையில் இருபதடித் தூரம் என்று அமைந்தால் மட்டுமே நான் இதைப் பயன்படுத்துகிறேன். இருந்தாலும் ஒரு கயிற்றை எப்போதும் வண்டியில் வைத்திருக்கிறேன். அதற்கான காரணம் பின்னால் வரும்.

மீதமுள்ளவை இரும்புச் சட்டமும் மின்கயிறும். இரும்புச் சட்டத்தின் நன்மைகள் வெளிப்படையானவை. கண்ணுக்குத் தெரிகிறது, தடுக்கிறது, மின்கலம் தீர்ந்தாலும் நிற்கிறது, பழக்கப்படாத குதிரையையும் உள்ளே விடலாம். பத்தடி நீளமும் ஐந்தடி உயரமும் உள்ள ஆறு சட்டங்களை நாகர்கோவிலில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஒரு அங்குல ஜி.ஐ. குழாயில் செய்து வாங்கினேன். ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல். ஆறும் சேர்ந்தால் இருநூறு கிலோவை நெருங்கும். வெளிநாடுகளில் குதிரை இழுவண்டியின் பக்கவாட்டிலேயே இத்தகைய சட்டங்களை மாட்டிச் செல்லும் வசதி இருக்கிறது. நாமோ குதிரையை 407 லாரியில் ஏற்றிவிட்டு, சட்டங்களுக்குத் தனியாக ஒரு குட்டியானையைப் பிடிக்க வேண்டியதாகிறது. இறக்கவும் ஏற்றவும் இரண்டு ஆட்கள் வேண்டும்.

எடைகூடப் பழகிவிடும். என்னைத் தோற்கடித்தது துரு. கடலை ஒட்டிய மாவட்டத்தில் இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். ஜி.ஐ. குழாய்க்குத் துத்தநாகப் பூச்சு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதை வெட்டி வெல்டிங் செய்யும் இடத்தில் அந்தப் பூச்சு எரிந்து போய்விடுகிறது. ஒரு சட்டத்தில் நான்கு கிடைக்குழாய்களும் மூன்று நிலைக்குழாய்களும் இருந்தால் பன்னிரண்டு இணைப்புகள். பன்னிரண்டிலும் வெறும் இரும்பு வெளியே தெரிகிறது. அதன்மேல் வெள்ளி நிறப் பெயிண்டைத் தடவிக் கொடுத்தால் பார்வைக்குப் புதிதாக இருக்கும். முட்டத்தில் இரண்டு இரவுகள் நிறுத்திவிட்டு வந்து கொட்டகையில் சாய்த்து வைத்தேன். அடுத்த மாதம் எடுத்தபோது ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் செம்மண் குழைத்து அப்பியதுபோல ஒரு வளையம். குழாயின் திறந்த முனைகள் வழியே நீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்தும் அரித்துக்கொண்டிருந்தது. சட்டங்களை ஒன்றோடொன்று கோக்கும் ஊசிகள் இறுகிப் போய், சுத்தியலால் தட்டினால்தான் கழன்றன. அந்த ஓசைக்குக் குதிரைகள் மிரண்டதுதான் மிச்சம். மூன்றாம் ஆண்டில் ஒரு கீழ்க்குழாய் இணைப்பில் விட்டுப்போய், அதன் விளிம்பு ஆண் குதிரையின் மார்பைக் கிழித்தது. நான்கு தையல்கள் போடவேண்டி வந்தது.

இரும்புதான் வேண்டும் என்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு முழுச் சட்டத்தையும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறையில் பூச்சுப் போட வேண்டும். அதற்குச் செலவும் அலைச்சலும் அதிகம். அது முடியாவிட்டால், வெல்டிங் இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாகம் மிகுந்த பூச்சை இரண்டு முறை அடித்து, குழாய் முனைகளை அடைத்துவிட வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கடற்கரைப் பக்கமே போகாமல் மலையோரத்திலேயே தங்குபவர்களுக்கு இந்தத் தொல்லை பாதியாகக் குறையலாம். அலுமினியச் சட்டங்கள் துருவுக்கு விடை தரும் என்கிறார்கள். நான் அவற்றைக் கையாண்டதில்லை.

இப்போது மின்கயிறு. ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள வெள்ளைக் கயிற்றில் துருப்பிடிக்காத எஃகின் மெல்லிய இழைகள் சேர்த்து முறுக்கப்பட்டிருக்கும். 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் எனர்ஜைசர் பெட்டி, ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக, சில ஆயிரம் வோல்ட் கொண்ட ஒரு துடிப்பை அதில் அனுப்பும். வலிக்கும், உயிருக்கு ஆபத்து விளைவிக்காத அளவுக்கு அதன் ஆற்றல் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலியில் கொடுப்பது முற்றிலும் வேறு, அது கொலைக்கருவி. அப்படிப்பட்ட வேலிகளில் சிக்கித் தமிழ்நாட்டில் யானைகளும் மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். முறையான பெட்டியே ஆனாலும், பேச்சிப்பாறை, கீரிப்பாறை போன்ற காட்டோர இடங்களில் வனத்துறையிடம் கேட்காமல் ஒரு முழம் கயிறுகூட நான் கட்டுவதில்லை.

கயிறு, பதினைந்து ஊன்றுகோல்கள், பெட்டி, மின்கலம், எர்த் கம்பிகள் எல்லாம் சேர்ந்து இருபது கிலோவுக்குள் அடங்கிவிடுகின்றன. இடம் கிடைக்கும் அளவிலோ ஒப்பீடே இல்லை. ஆறு சட்டங்களை அறுகோணமாக நிறுத்தினால் ஏறக்குறைய 24 சதுர மீட்டர் கிடைக்கும். அறுபது மீட்டர் சுற்றளவில் கயிறு கட்டினால் 225 சதுர மீட்டர் கிடைக்கும். இரண்டு குதிரைகளை ஒன்றாக நிறுத்துபவருக்கு இது பெரிய வேறுபாடு. எங்கள் பெட்டை ஆதிக்கக்காரி, குறுகிய பட்டியில் மற்றொன்றை மூலையில் ஒடுக்கி வைக்கோலை நெருங்கவிட மாட்டாள்.

ஆனால் மின்கயிறு எர்த்தை நம்பி நிற்கிறது. துடிப்பு குதிரையின் உடல் வழியாக மண்ணுக்கு இறங்கி, மண்ணின் வழியாக எர்த் கம்பிக்குத் திரும்பினால்தான் அடி விழும். இதைக் கற்றுக்கொண்டது முட்டத்துத் தோப்பில்தான். மாசி மாதம், மேல்மணல் சுக்காகக் காய்ந்திருந்தது. எர்த் கம்பியை இரண்டடி இறக்கிவிட்டு, பெட்டி ‘டிக், டிக்’ என்று ஒலிப்பதைக் கேட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டேன். பெட்டை மூக்கால் கயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை; தள்ளிக்கொண்டு போய்விட்டாள். விடியற்காலையில் ஒருவர் வந்து, “அண்ணே, ஒங்க குதிரை நம்ம விளையில நிக்குது” என்று சொன்ன பிறகே தெரிந்தது. அரை கிலோமீட்டர் தள்ளி, மரச்சீனிச் (மரவள்ளி) செடிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். மரச்சீனி இலையில் சயனைடு உண்டு. அவள் அதில் வாய் வைக்காதது எங்கள் நல்வினை.

அன்று முதல் மணற்பாங்கான இடத்தில் ஈரமணல் தட்டும்வரை தோண்டி, மூன்றடிக் கம்பிகள் இரண்டை இறக்கி, ஒரு குடம் உப்புநீரை ஊற்றிவிடுகிறேன். அதோடு கயிற்றை மூன்று வரிசையாகக் கட்டி, மேலும் கீழும் துடிப்பைக் கொடுத்து, நடுக்கயிற்றைப் பெட்டியின் எர்த் முனையோடு இணைத்துவிடுகிறேன். குதிரை தலையை இடையே நீட்டும்போது இரண்டு கயிறுகளும் படும். மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் அடி விழும். இருட்டுவதற்கு முன் வோல்ட் காட்டும் சிறு கருவியை, பெட்டியிலிருந்து தொலைவான மூலையில் வைத்துப் பார்க்கிறேன். மூவாயிரத்துக்குக் கீழே காட்டினால் அன்று மின்கயிற்றை நம்புவதில்லை. முன்னே சொன்ன உயரக் கயிறு அந்த இரவுக்காகத்தான்.

காற்றுக்கும் வழி செய்ய வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றை முப்பந்தலின் காற்றாலைகளே சொல்லும். அங்கே, கயிற்றுக்குப் பதிலாகச் சிலர் கட்டும் அகலமான மின்நாடா படபடத்துக் குதிரையை மிரட்டும், உள்ளிழைகளும் விரைவில் அறும். நாடாதான் இருக்கிறது என்றால் இரண்டு கோல்களுக்கு இடையே நாலைந்து முறுக்கு கொடுத்துக் கட்டினால் படபடப்பு அடங்கும். கயிறே மேல். சரல் மண்ணில் பிளாஸ்டிக் கோல் இறங்காது. கடப்பாரையால் குழியிட்டு ஊன்ற வேண்டும். மூலைக் கோல்களை வெளிப்பக்கமாக இழுத்துக் கட்டாவிட்டால் நள்ளிரவுக்குள் கயிறு தொய்ந்துவிடும். தோவாளைப் பக்கம் பூந்தோட்டங்களில் அரளி நிற்கும். அது குதிரைக்குக் கொடிய நஞ்சு. எட்டும் தூரத்தில் ஒரு செடி இருந்தாலும் இடத்தை மாற்றிவிட வேண்டும்.

பழக்காத குதிரையை மின்கயிற்றுக்குள் விடவே கூடாது. வீட்டில், பின்னால் சுவர் இருக்கும் ஓர் இடத்தில் கயிற்றைக் கட்டி, பகல் வெளிச்சத்தில் தானாகத் தொட்டு அறிந்துகொள்ள விட வேண்டும். எங்கள் குதிரைகளுக்கு நான்கு நாட்கள் போதுமாக இருந்தன. புதிய இடத்தில் முதலில் கையில் பிடித்து எல்லையைச் சுற்றி இரண்டு நடை நடத்தி, காணமும் (கொள்ளு) தவிடும் வைத்துவிட்டு, அதன்பிறகே தலைக்கயிற்றைக் கழற்றுகிறேன். விதையடிக்காத ஆண் குதிரையோ குட்டியோடு கூடிய பெட்டையோ இதற்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை; அவற்றை வைத்திருப்பவர்கள் இரும்பையே நாடுவது நியாயமாகப் படுகிறது. ஐப்பசி அடைமழையில் தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் இதை நிறுத்திப் பார்த்ததும் இல்லை.

உப்பு மின்கயிற்றையும் விட்டுவைப்பதில்லை என்பதை மறைக்கக் கூடாது. இன்சுலேட்டர்களில் உப்புப் படிந்தால் துடிப்பு அதன் வழியே கசியும்; இரவில் காதைத் தீட்டிக் கேட்டால் கோலுக்கு அருகே மெல்லிய ‘சிட், சிட்’ ஒலியும், உற்றுப் பார்த்தால் நீலப் பொறியும் தெரியும். செம்புக் கம்பியை ஜி.ஐ. எர்த் கம்பியில் சுற்றியிருந்த இடம் ஒரே பருவத்தில் பச்சை பூத்து விட்டுப்போனது; இப்போது இணைப்புகள் அனைத்தும் துருப்பிடிக்காத எஃகில்தான். ஆனால் இந்தப் பராமரிப்பு ஓர் ஆள் அரைமணி நேரத்தில் முடிக்கும் வேலை. வீடு திரும்பியதும் கயிற்றுச் சுருளை ஒரு வாளி நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துகிறேன். இன்சுலேட்டர்களை ஈரத்துணியால் துடைக்கிறேன். அறுந்த இழை இருந்தால் அந்த ஒரு முழத்தை வெட்டி முடிச்சிடுகிறேன். மின்கயிற்று அமைப்புக்கு ஆன மொத்தச் செலவே சட்டங்களுக்கு ஆனதில் மூன்றில் ஒரு பங்குதான்.

திரும்ப விற்பதிலும் நிலைமை இதுவே. பன்றித் தொல்லைக்குச் சூரிய மின்வேலி போடும் விவசாயிகள் பழைய பெட்டியைக் கேட்டு வருகிறார்கள். சட்டங்களில் நன்றாக இருந்த இரண்டை ஆட்டுக்கொட்டிலுக்குக் கதவாக்கிக்கொண்டேன். மற்ற நான்கும் ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்கு எடைக்குப் போயின.