22 மாதம், இரண்டு கேமரா ரீகால், ஒரு டிக்கி கதவு

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். நான் வைத்திருக்கும் அதே ஏழு சீட் எஸ்யூவியை வாங்கப் போகிறானாம். "ரீகால் ரீகால்னு என்னென்னமோ சொல்றாங்க. நீதான் வெச்சிருக்கியே, வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுடா" என்றான். வாய் வரைக்கும் இரண்டு வார்த்தையும் வந்தன. நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஒரு வாரம் ஆகிவிட்டது.

என் கணக்கு இது: 22 மாதம், 31,000 கிலோமீட்டர். என்ஜின், ஏர்பேக் எண்ணிக்கை எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கின்றன, அதற்குள் போகவில்லை. நான் சொல்ல வந்தது பெரும்பாலும் ரிவர்ஸ் கேமராவைப் பற்றித்தான்.

முதல் ரீகால், அதாவது கோளாறைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்பக் கூப்பிடுவது, ஐந்தாவது மாதம் வந்தது. மூன்றாம் வரிசை சீட் பெல்ட் கொக்கி சில வண்டிகளில் சரியாகப் பூட்டவில்லையாம். சேஸிஸ் நம்பரை அடித்துப் பார்த்தேன், என் வண்டியும் பட்டியலில் இருந்தது. போனேன், அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. ரீகால் என்ற சொல்லைக் கேட்டாலே வண்டி ஓட்டை என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து இன்னொரு தேதி வரை தயாரான வண்டிகளில் ஒரு பாகம் சந்தேகத்துக்குரியது என்பதுதான். அந்த 17 எழுத்து சேஸிஸ் நம்பரை வைத்து எந்த வண்டி உள்ளே, எது வெளியே என்று பிரித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டில் இதே மாடல், இதே நிறம், ஆனால் இரண்டு மாதம் தள்ளித் தயாரானது. அதற்கு எதுவும் வரவில்லை.

ஒன்பதாவது மாதம் கேமரா ஆரம்பித்தது. ரிவர்ஸ் கியர் போடுகிறேன், திரை கறுப்பு. கோடுகள் மட்டும் தெரிகின்றன, பச்சை, மஞ்சள், சிவப்பு, அழகாக வளைகின்றன. பின்னால் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. வண்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். நான்கு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் மறுபடி கறுப்பு.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால் வண்டி சமர்த்துப் பிள்ளை மாதிரி நடந்துகொள்ளும். "சார், கேமரா நல்லாத்தானே இருக்கு?" ஜாப் கார்டில் "கோளாறு தென்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று தடவை இப்படி. நான்காவது தடவை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனேன். அதைப் பார்த்ததும் அட்வைசரின் முகமே மாறியது. இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது இப்படி வந்துபோகும் கோளாறு இருந்தால் முதல் நாளே வீடியோ எடுங்கள். ஜாப் கார்டில் "கேமரா செக் செய்யவும்" என்று எழுத விடாதீர்கள். "ரிவர்ஸ் போட்டால் படம் வரவில்லை, பாதுகாப்புப் பிரச்சினை" என்று நீங்கள் சொன்ன வார்த்தையையே எழுதச் சொல்லுங்கள். பின்னால் விசாரணை என்று ஒன்று வந்தால் அந்த வரிதான் பேசும்.

ஒரு கேமராவுக்கா இவ்வளவு கூச்சல் என்று கேட்கலாம். சின்னக் காராக இருந்தால் நானும் திரும்பிப் பார்த்து எடுத்துவிட்டுப் போயிருப்பேன். இந்த வண்டியில் திரும்பிப் பார்த்தால் தெரிவது மூன்றாம் வரிசையின் தலையணைகளும், அதற்கு மேலே ஒரு துண்டு வானமும்தான். பின் கண்ணாடி அவ்வளவு உயரத்தில் ஆரம்பிக்கிறது. மூன்று வயதுக் குழந்தை டிக்கியை ஒட்டி நின்றால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. இது ஊகம் இல்லை, என் மகளின் பொம்மை சைக்கிளைப் பின்னால் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தேன். எப்போது கண்ணில் படுகிறது என்று பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

அமெரிக்காவில் 2002இல் ஒரு தந்தை வீட்டு வாசலில் தன் எஸ்யூவியைப் பின்னால் எடுத்தபோது, அவருடைய இரண்டு வயது மகனே அதில் சிக்கி இறந்தான். அவர் ஒரு மருத்துவர், அதுவும் குழந்தைகள் மருத்துவர். அந்தப் பையனின் பெயரிலேயே 2008இல் சட்டம் வந்தது. அதற்கான விதி எழுதி முடிக்க 2014 ஆகிவிட்டது. 2018 மே முதல் அங்கே விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் சுமார் 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளத்துக்குப் படத்தில் தெரிய வேண்டும், ரிவர்ஸ் போட்ட 2 நொடிக்குள் படம் வந்துவிட வேண்டும் என்றெல்லாம் அந்த விதியில் இருக்கிறது. 2 நொடி! நான் அணைத்து, பத்து எண்ணி, மறுபடி ஸ்டார்ட் செய்து படத்தை வரவழைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, பதினோராவது மாதம் கடிதம் வந்தது, கேமராவுக்கு ரீகால். படித்ததும் சந்தோஷம்தான், நான் பொய் சொல்லவில்லை என்று ஊருக்கே சொல்லலாம் போல இருந்தது. கடைசிப் பத்தியில்தான் விஷயம். தீர்வு இன்னும் தயாராகவில்லை, தயாரானதும் தெரிவிப்போம், அதுவரை பின்னால் எடுக்கும்போது கவனமாகப் பார்த்து எடுக்கவும். எனக்கு இந்த வண்டியின் மேல் உண்மையான கோபம் வந்தது அந்த வரியில்தான். ஆபத்து என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, நீயே பார்த்துக்கொள் என்றால் என்ன அர்த்தம்? நியாயமாகப் பேசினால், தீர்வு கிடைக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பதைவிட முன்பே எச்சரிப்பது மேல். தெரியும். ஆனால் நான்கு மாதம் தினமும் காலையில் மனைவி பின்னால் போய் நின்று "வா, வா, நிறுத்து" என்று கை காட்டிக்கொண்டிருந்தபோது அந்த நியாயம் நினைவுக்கு வரவில்லை.

பதினைந்தாவது மாதம் தீர்வு வந்தது, சாப்ட்வேர் அப்டேட். கேமராவிலிருந்து படம் வரத் தாமதமானால் திரை முன்பெல்லாம் முயற்சியைக் கைவிட்டுவிடுமாம், இனி மறுபடி மறுபடி முயலுமாம். இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் ஒரு சாயங்காலம் மறுபடி கறுப்பு. எரிச்சலோடு சேஸிஸ் நம்பரை அடித்துப் பார்த்தால், நிலுவையில் ரீகால் எதுவும் இல்லை என்கிறது. கணக்குப் புத்தகத்தில் என் வண்டி குணமாகிவிட்டது.

இந்த இடத்தில் டிக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த டிக்கி கதவுதான். வாங்கும்போது அதை ஒரு வசதியாகவே நான் எண்ணவில்லை. இரண்டு கையிலும் பை இருக்கும்போது பம்பருக்குக் கீழே காலை நீட்டினால் கதவு தானே மேலே போகிறது. மகள் அதற்கு மந்திரக் கதவு என்று பெயர் வைத்திருக்கிறாள். தேவை இருக்கிறதோ இல்லையோ, ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது திறந்து மூடுகிறோம், பாதி அவள் விளையாட்டுக்கு.

பதினேழாவது மாதம், ஐந்தாவது விசிட்டில், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பையன் வண்டியைப் பார்த்தான். கம்ப்யூட்டரை மாட்டவே இல்லை. ரிவர்ஸ் கியரில் போட்டுத் திரையைப் பார்க்கும்படி என்னை உட்காரவைத்தான். டிக்கியைத் திறந்து, கதவுக்கும் கூரைக்கும் நடுவே போகிற ரப்பர் குழாயைக் கையால் லேசாக வளைத்தான். படம் மினுக்கியது. இன்னும் கொஞ்சம் வளைத்தான், கறுப்பு. விட்டான், படம் வந்தது. கேமரா டிக்கி கதவில் இருக்கிறது. அதன் ஒயர் அந்தக் குழாய் வழியாகத்தான் வருகிறது. கதவு மேலே போகும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒயர் மடங்கி நிமிர்கிறது. அதற்குள் 4,000 தடவையாவது மடங்கியிருக்கும். எங்கள் மந்திரக் கதவுதான் கேமராவைக் கொன்றுகொண்டிருந்தது. ஒயர் தேய்ந்ததற்கு சாப்ட்வேரில் மருந்து போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இது புது வியாதியே இல்லை. 2021 டிசம்பரில் டெஸ்லா மாடல் 3 கார்கள் 3.5 லட்சத்துக்கு மேல் அமெரிக்காவில் ரீகால் ஆனது இதற்காகவேதான், டிக்கி திறந்து மூடுவதில் கேமரா ஒயர் தேய்கிறது என்று. ஒரு நிறுவனம் பட்டதை இன்னொரு நிறுவனம் படித்துத் தெரிந்துகொள்ளாதா? டிக்கி கதவை அத்தனை நளினமாகத் திறக்க வைத்தவர்கள், அதில் போகிற ஒயருக்கு இரண்டு சென்டிமீட்டர் தளர்வு விட்டிருக்கலாம்.

வாரண்டியில் ஒயரை மாற்றிக் கொடுத்தார்கள். இருபதாவது மாதம் இரண்டாவது கேமரா ரீகால் வந்தது, இந்தத் தடவை ஒயருக்கே. நல்ல செய்தி என்று போனால், எனக்கு மாற்றியது பழைய மாதிரி ஒயராம், புது மாதிரிக்கு மறுபடி வர வேண்டுமாம். பாகம் இன்னும் வரவில்லையாம். அந்தப் பையன் மட்டும் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தான்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, வண்டி மோசம் என்று சொன்னால் நான் பொய்யன். இதைவிட நிதானமான வண்டியை நான் ஓட்டியதில்லை. ஏழு பேர், சாமான், ராத்திரி முழுக்க ஓட்டம், இறங்கும்போது முதுகு வலிக்கவில்லை. இரண்டாம் வரிசையில் அம்மா ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவார். பிரேக் பிடித்தால் அவ்வளவு கனத்தையும் பதற்றமில்லாமல் நிறுத்துகிறது. 31,000 கிலோமீட்டரில் வழியில் நின்றதே இல்லை. ரீகால் வேலை எதற்கும் ஒரு பைசா கேட்கவில்லை, ஒரு தடவை மாற்று வண்டிகூடக் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கூத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறேன். படம் தெளிவாக வந்தாலும் பார்க்கிறேன்.

இப்போது, நண்பா, உன் கேள்விக்கு. நேற்று மழையில் ரிவர்ஸ் எடுத்தேன். படம் ஒரு நொடி மினுக்கிவிட்டு அணைந்தது. மனைவி குடையோடு இறங்கிப் பின்னால் போய் நின்றாள். அதனால் இன்றைக்குக் கேட்டால், வாங்காதே. புது மாதிரி ஒயர் வந்துவிட்டதாம், வரும் 18ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். 19ஆம் தேதி ஒரு தடவை போன் செய்.